நாயகிக்கு வச்ச பில்பெர்ரி

இந்த நாற்காலிக்கு ஆள் இருக்குதுங்களா? இல்லைன்னா உக்காந்துக்கறேன். ரொம்ப நேரம் உக்கார மாட்டேன், பயப்படாதீங்க. எனக்கு ஒரே இடத்துல உக்காந்து பழக்கமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல பள்ளிக்கூட மைதானத்துல நின்னே சம்பளம் வாங்கினவன். கோத்தகிரியில இறங்கி பி.டி. மாஸ்டர் திருமலைசாமின்னு கேட்டீங்கன்னா யாரா இருந்தாலும் வீட்டைக் காட்டுவாங்க. இங்கதான் ஒருத்தருக்கும் என்னைத் தெரியல. அந்த செக்யூரிட்டி இதோட ரெண்டு தடவை சொல்லிட்டாரு, ‘பெரியவரே, கதவுகிட்ட நிக்காதீங்க, உள்ள ஆபரேசன் நடக்குது’ன்னு. நடக்குதுன்னு தெரிஞ்சுதானே நிக்கிறேன்.

உங்களுக்கு யாரு உள்ள? அம்மாவா? புரைதானே. அப்படின்னா பயமில்லீங்க, மத்தியானம் கூட்டிட்டுப் போயிரலாம். எனக்கு வீட்டுக்காரி. ரங்கநாயகி. அந்த டி.வி.யில பேரு சிவப்புல இருக்குது பாருங்க, அது உள்ள இருக்குதுன்னு அர்த்தமாம். பச்சையாச்சுன்னா வெளிய கொண்டாருவாங்களாம். மாறினா ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அப்பப்ப எந்திரிச்சுப் போயிருவேன்.

அதோ, தூணுக்குப் பக்கத்துல ஊதாச் சுடிதார் போட்டுக்கிட்டு போனைப் பாத்துட்டு உக்காந்திருக்கே, அதுதான் எங்க வாணி. ஒரே மக. இங்க கோயமுத்தூர்லதான் நூல் கம்பெனியில வேலை பாக்குது. எங்கூடப் பேசறதில்லை. எதுக்குன்னு கேட்டீங்கன்னா, நான்தான் அவங்கம்மா கண்ணைக் கெடுத்துட்டேனாம். நானு. கண்ணு நல்லாகோணும்னு வருஷக்கணக்கா மண்ணுல கிடந்து பாடுபட்டவன் நான். நீங்க வெளியாளு. நடந்ததைச் சொல்றேன், கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க.

பில்பெர்ரின்னு ஒரு பழம் கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லியா. சரி, அதுக்கு அப்புறம் வர்றேன்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க பள்ளிக்கூடத்துலயே கண் முகாம் போட்டாங்க. நான் அப்ப ரிட்டயர் ஆயிட்டேன். ஆனாலும் வரிசை நிறுத்தறதுக்கு விசிலை எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். நாயகியையும் கூட்டிட்டுப் போனேன். டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. எங்கிட்ட கோ-கோ விளையாடின புள்ளைங்க வயசுதான் இருக்கும். பாத்துட்டு, ‘சார், இவங்களுக்குக் கண்ணுக்குள்ள பிரஷர் அதிகமா இருக்குது. புரையும் ஆரம்பிச்சிருக்குது. தள்ளிப் போடாதீங்க, கோயமுத்தூர் கூட்டிட்டுப் போய்க் காட்டிருங்க’ன்னு சொல்லுச்சு. பிரஷர்னா எனக்குந்தான் இருக்குது. மாத்திரை போடறேன், காலையில நடக்கறேன், அது பாட்டுக்கு இருக்குது. கண்ணுக்கு மட்டும் தனியா ஒரு பிரஷரா? நீங்களே சொல்லுங்க.

அதுவுமில்லாம எங்க பெரியக்கா ஒண்ணு இருந்துது, காரமடையில. அந்தக் காலத்துல கண்ணு ஆபரேசன் பண்ணிக்கிட்டு வந்துது. கட்டைப் பிரிச்சாச் சீழ். அந்தக் கண்ணு போயிருச்சு. சாகற வரைக்கும் ஒரு பக்கம் பூவாட்டம் வெளுத்த முழியோட இருந்துது. சின்னப் பையன் நான், நான்தான் கோயிலுக்குக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். கண்ணுல கத்தி வைக்கறதுன்னு யாராச்சும் சொன்னாலே எனக்கு அக்கா முகந்தான் வரும். நாயகியை அப்படிப் பாக்கறதுக்கு என்னால ஆகாது. அதை வாணிகிட்ட எப்படிச் சொல்றது? சொன்னா, ‘அது எந்தக் காலம்பா’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிரும்.

இருங்க, ஒரு நிமிசம்.

இல்லை, இன்னும் சிவப்புதான்.

எங்க விட்டேன்? ஆங், பழம். கட்டபெட்டுப் பக்கம் ஜோகின்னு ஒருத்தர் நர்சரி வச்சிருக்காரு. அவருகிட்ட ரோஜாச் செடி வாங்கப் போனப்ப பேச்சுவாக்குல சொன்னாரு. குளிர் தேசத்துக் காட்டுல தானா விளையற பழம், நாவப்பழத்தை மிளகு அளவுக்குச் சுருக்கின மாதிரி இருக்கும், தோலு மட்டுமில்ல உள்ளயும் கருநீலம், தின்னா நாக்கெல்லாம் சாயம் புடிச்சுக்கும்னாரு. கண்ணுக்கு நல்லதுன்னு அந்த ஊர்ச் சனங்க சொல்லுவாங்களாம். சண்டைக் காலத்துல ஏரோப்ளேன் ஓட்டறவங்க இந்தப் பழத்துல போட்ட ஜாமைத் தின்னுட்டுத்தான் இருட்டுல போவாங்களாம். அது நெசமோ பொய்யோ, எனக்கு அந்த நிமிசம் சாமி வந்து சொன்ன மாதிரி இருந்துது. கத்தியில்லை, மருந்தில்லை. செடியை வச்சு, பழத்தைப் பறிச்சு, வாயில போட்டாப் போதும். ஜோகியே சிரிச்சாரு. ‘மாஸ்டர், இது சவலைப் புள்ளை மாதிரி. காய்க்கறதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும். பொறுமை இருக்குதா?’ன்னு கேட்டாரு. எங்கிட்ட போய்ப் பொறுமை இருக்குதான்னு கேட்டாரு. ஒரு டஜன் செடி வாங்கிட்டு வந்துட்டேன்.

அதுக்கு நான் பட்ட பாடு இருக்குதே. மத்த செடிக்கெல்லாம் நல்ல மண்ணு வேணும். இதுக்குப் புளிச்ச மண்ணு வேணும். எரு போட்டாக் கருகும். போர்த்தண்ணி ஊத்தினா ஆகாது, உப்பு. மழைத்தண்ணிதான். தகரத்துக்குக் கீழ டிரம்மு வச்சுப் புடிச்சேன். வேரு மேலாக்கத்தான் போகும், காஞ்சாலும் செத்துரும், தண்ணி நின்னாலும் செத்துரும். பைன் மரத்துக்கடியில ஊசி ஊசியா எலை கொட்டிக் கிடக்குமில்ல, அதை மூட்டை மூட்டையா அள்ளிட்டு வந்து வேருக்கு மேல மெத்தை மாதிரிப் போட்டேன். பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி வாத்தியார்கிட்ட நீலத்தாள் வாங்கிட்டு வந்தேன். மண்ணைத் தண்ணியில கரைச்சு அதுல தாளை முக்கோணும். செவந்தா மண்ணு புளிப்பா இருக்குதுன்னு அர்த்தம். செவக்க வைக்கறதுக்குக் கந்தகப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு, மாசக்கணக்குல காத்துக் கிடந்தேன். மொத மொதல்ல செவந்தப்ப நாயகியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

‘பாரு நாயகி, எப்படிச் செவந்திருக்குதுன்னு.’

‘ஆமாங்க.’

‘நல்லாப் பாரு.’

‘ஆமாங்க, செவந்திருக்குதுங்க.’

அவ்வளவுதான். எதைக் காட்டினாலும் ஆமாங்கதான். எல்லாத்துக்கும் ஒரே பதிலு சொல்ற பொம்பளை.

அவ குணமே கொஞ்சம் கொஞ்சமா மாறிட்டு வந்துதுங்க. முன்னாடியெல்லாம் சாயங்காலம் டி.வி. முன்னாடி உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டா. திடீர்னு விட்டுட்டா. ‘வேண்டாங்க, ரேடியோ போதுங்க’ன்னா. நல்லதுதானேன்னு நெனச்சேன். வாரப் பத்திரிகை வந்தா மொதல்ல அவதான் பிரிப்பா, அதுவும் நின்னுபோச்சு. சோத்துல கல்லு வந்துது. கேட்டா, ‘இப்ப வர்ற அரிசி சரியில்லீங்க’ன்னா. எட்டு வச்சு நடக்கறப்ப இடது தோளு கதவுல இடிக்கும். கவனமே இல்லாத நடை. நான் வாத்தியார் இல்லீங்களா, ‘நேராப் பாத்து நட’ன்னு சொல்லுவேன். ஒருநாள் அவளாத்தான் சொன்னா, ‘ஏனுங்க, கண்ணு கொஞ்சம் மங்கலாத்தான் இருக்குது. ஒருவாட்டி போய்க் காட்டிட்டு வந்தரலாமுங்களா?’ன்னு. ‘இன்னும் ஒரு வருஷம் பொறு, பழம் வந்திரும்’னேன். அதுக்கப்புறம் அவ கேக்கலை. நம்பிக்கை வந்திருச்சுன்னு நெனச்சேன்.

செடிக்கு வந்த எதிரிங்க கொஞ்சமா? மார்கழியில உறைபனி. பொழுது சாயறதுக்குள்ள ஒவ்வொரு செடிக்கும் சாக்குப் போத்தோணும், காலையில எடுக்கோணும். ஒருதடவை காட்டுமாடு வேலியை முட்டிட்டு உள்ள வந்து, ரெண்டு செடியை மிதிச்சுட்டுப் போயிருச்சு. பூ விட்டதும் கொண்டைக்குருவி. வலை கட்டினேன். அதுக்குள்ளயும் பூந்துது. தகர டப்பாவைத் தட்டிட்டே நாள் பூரா தோட்டத்துல நின்னேன். நாயகி அங்கயே காப்பி கொண்டாந்து குடுப்பா. அதுலயும் பாதி சாஸர்லதான் இருக்கும்.

போன வருஷம் வைகாசியில காய்ச்சுதுங்க.

கொத்துக் கொத்தாவெல்லாம் இல்லை. எலைக்கு அடியில ஒண்ணொண்ணா, மறைஞ்சு மறைஞ்சு. சாம்பல் பூத்த கருநீலம். மூணு செடியில மட்டுந்தான் காய்ச்சிருந்துது. ஆனா அதைப் பாத்தப்ப எனக்கு, எப்படிச் சொல்றது, எங்க பசங்க மாநில அளவுல கப்பு வாங்கினப்பகூட நான் அப்படி நின்னதில்லை. ‘நாயகி, கையைத் துடைச்சுட்டு வா’ன்னு சத்தம் போட்டேன். வந்தா. வலையைத் தூக்கிப் புடிச்சேன். குனிஞ்சு பாத்தா.

‘நல்லாக் காய்ச்சிருக்குதுங்க. எத்தனை அழகா இருக்குது’ன்னா.

அவ குனிஞ்சு பாத்தது பக்கத்துச் செடிங்க. அதுல ஒரு பழங்கூட இல்லை. வெறும் எலை.

‘இங்க பாரு, இந்தச் செடி’ன்னேன்.

‘அதைத்தானுங்க பாக்கறேன்’னு சொல்லிட்டே தலையைத் திருப்பினா.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. அவளுக்காகத்தானே இத்தனையும். ஒரு நிமிசம் அக்கறையா நின்னு பாக்கக் கூடாதா? சரி, பொம்பளைங்களுக்கு அடுப்புல நெனப்பு இருக்கும்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். பறிச்சு அவ உள்ளங்கையில போட்டேன். தின்னா. உதடெல்லாம் நீலமாச்சு. சின்னப் புள்ளை மாதிரி இருந்தா. மறுநாள் காலையில எந்திரிச்சதும் கேட்டேன்.

‘எப்படி இருக்குது?’

சன்னல் பக்கமாப் பாத்துட்டு ரொம்ப நேரம் நின்னா. அப்புறம், ‘கொஞ்சம் தெளிஞ்ச மாதிரித்தானுங்க இருக்குது’ன்னா.

அவ வாயால சொன்னதுங்க. நான் சொல்ல வைக்கலை. தெருவுல எல்லாருகிட்டயும் சொன்னேன். ஜோகிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பழம் இருந்த வரைக்கும் தெனமும் குடுத்தேன். தெனமும் கேட்டேன். தெனமும் தெளிஞ்சுட்டுத்தான் வந்துது. இப்ப வாணி என்னைக் குறை சொல்லுது. அவங்கம்மா வாயாலயே தெளிவா இருக்குதுன்னு சொன்னப்ப, நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்? நீங்க கூட்டிட்டுப் போவீங்களா?

தண்ணி குடிக்கறீங்களா? அங்க மெசின் இருக்குது. நான் போய் எடுத்துட்டு வர்றேன். வேண்டாமா. எனக்கும் வேண்டாந்தான். சும்மா நடக்கலாமுன்னு.

அதுக்கப்புறந்தான் அந்தக் காரியம் நடந்துது.

கூடலூர்ல மாவட்ட விளையாட்டுப் போட்டி. ரிட்டயர் ஆனாலும் ஓட்டப் பாதைக்குக் கோடு போடறதுக்கு என்னைத்தான் கூப்பிடுவாங்க. சுண்ணாம்புப் பொடியில கோடு போட்டா, கயிறு கட்டின மாதிரி நேரா நிக்கும். அதுக்குன்னு வீட்டுல எப்பவும் ஒரு பை சுண்ணாம்பு வச்சிருப்பேன். கந்தகமும் அதே மாதிரிப் பையிலதான் இருந்துது, பக்கத்துல பக்கத்துல. கூடலூர்ல இருந்தப்ப மேகம் கட்டிக்கிட்டு வந்துது. செடிக்குக் கந்தகம் போடற நாள் தப்பிருச்சேன்னு நாயகிக்குப் போன் போட்டேன்.

‘மழைக்கு முன்னாடி செடிக்கு ஒவ்வொரு கையள்ளிப் போட்டுரு’ன்னேன்.

‘நீங்க வந்து போட்டுக்கோங்களேன்’னா.

‘மழையோட இறங்கினாத்தான் மண்ணுல சேரும்.’

‘ரெண்டு பை இருக்குதுங்களே.’

‘மஞ்சளா இருக்கறது கந்தகம். வெள்ளையா இருக்கறது சுண்ணாம்பு. இதுகூடவா தெரியாது?’

போன் கட்டாயிருச்சோன்னு நெனச்சேன்.

‘தெரியுமுங்க’ன்னா.

சுண்ணாம்பைப் போட்டுட்டா. புளிப்பு மண்ணுல வாழற செடிக்குச் சுண்ணாம்பு. ஒரு கைக்கு ரெண்டு கையா, அள்ளி அள்ளி, நல்லாப் போட்டிருக்கா. நான் திரும்பி வந்தப்ப ஒண்ணும் தெரியல. மழை பேஞ்சு எல்லாம் உள்ள போயிருந்துது. கொஞ்ச நாள்ல எலை நரம்பு மட்டும் பச்சையா நின்னு, மத்ததெல்லாம் மஞ்சளாச்சு. பைன் எலையை விலக்கிப் பாத்தா, அடியில வெள்ளையாக் கட்டி கட்டியா இருக்குது. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துது.

‘வேணுமின்னே பண்ணினியா நாயகி?’ன்னு கேட்டேன்.

‘இல்லீங்க. சளி புடிச்சிருந்துதுங்க. வாசனை தெரியல’ன்னா.

வாசனை எதுக்குங்க? கண்ணால பாத்தாத் தெரியாதா, மஞ்சளா வெள்ளையான்னு? அந்தச் சாக்கைக் கேட்டதும் எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துது. பேசறதை நிறுத்திட்டேன். தட்டை எடுத்துட்டுப் போய்த் தனியா உக்காந்து சாப்பிட்டேன். தூறல்ல ஒருநாள் பாக்கறேன், செடிக்கடியில உக்காந்துக்கிட்டு, கரண்டியால சுண்ணாம்பைச் சுரண்டிட்டு இருக்கா. கரண்டி ஒரு கையில, இன்னொரு கையால மண்ணைத் தடவித் தடவி, கட்டி எங்க இருக்குதுன்னு தேடிக்கிட்டு. பாத்துச் சுரண்டினாத்தானே? நூலு மாதிரி இருக்கற வேரெல்லாம் அந்துபோச்சு. ‘விட்டுரு, உங்கை பட்டாச் செத்துரும்’னு சொல்லிட்டேன். கோவத்துல வந்த வார்த்தைதான். எந்திரிச்சு உள்ள போயிட்டா. வெரலெல்லாம் சுண்ணாம்புல வெந்து வெடிச்சிருந்துது. எண்ணெய் போட்டுக்கிட்டாளான்னு எனக்குத் தெரியல.

நான் செடியைப் புடுங்கி, மழைத்தண்ணியில வேரைக் கழுவி, புது மண்ணுல வச்சேன். முக்கால்வாசி போயிருச்சு.

அப்புறம் தீபாவளிக்கு வாணி வந்துது. அம்மாவுக்குச் சீலை வாங்கிட்டு வந்திருந்துது. நல்ல எலுமிச்சை மஞ்சள், பச்சை பார்டர். நாயகி மடியில வச்சுத் தடவிப் பாத்தா. ‘என்னடி வாணி, நோம்பி நாள்ல வெள்ளைச் சீலை எடுத்துட்டு வந்திருக்கே? உங்கப்பா நல்லாத்தானே இருக்காரு’ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா. வாணி சிரிக்கலை. சன்னலோரம் கூட்டிட்டுப் போச்சு. ‘அம்மா, இது என்ன கலரு?’ன்னு கேட்டுது. அப்புறம் இடது பக்கமா வெரலை நீட்டி, ‘இது தெரியுதா?’ன்னு கேட்டுது. நாயகி சீலையை மடிக்க ஆரம்பிச்சா. வாணி எம் பக்கம் திரும்பிச்சு.

‘அப்பா, அம்மாவுக்கு மஞ்சள் தெரியல.’

‘அது தெரிஞ்சிருந்தா எஞ்செடி எதுக்குச் சாகுது?’ன்னு சொன்னேன்.

நான் சொன்னது சரிதானே. உண்மையைத்தானே சொன்னேன். ஆனா வாணி என்னைப் பாத்த பார்வை இருக்குதே. அன்னிக்கே துணிமணியை எடுத்து வச்சுது. மறுநாள் மொத பஸ்ஸுல அவங்கம்மாவைக் கூட்டிட்டு இங்க வந்திருச்சு. பண்டிகைப் பலகாரம் டப்பாவோட அப்படியே கிடந்துது.

டாக்டர் சொன்னதெல்லாம் வாணி போன்ல சொல்லித்தான் தெரியும். வலது கண்ணுல புரை, எடுத்தாத் தெளிவாயிரும். இடது கண்ணுல பிரஷர் ஏறி ஏறி, நரம்பே செத்துட்டு வந்திருக்குதாம். போன பார்வை போனதுதானாம், திரும்ப வராதாம். மிச்சம் இருக்கற கொஞ்சத்தைக் காப்பாத்தத்தான் ஆபரேசனாம். ‘முகாம்ல சொன்னப்பவே வந்திருந்தா சொட்டு மருந்துலயே நிறுத்தியிருக்கலாமாம்பா’ன்னு சொல்லுச்சு. ‘மூணு வருஷம்பா’ன்னுச்சு. அப்புறம் போனை வச்சிருச்சு. அதுதான் கடைசியாப் பேசினது.

வலது கண்ணுக்குத் தை மாசம் ஆபரேசன். நான் வரலை. வரக்கூடாதுன்னு இல்லீங்க. பிழைச்சிருந்த செடிக்கு அப்பத்தான் வேரு புடிச்சிருந்துது, உறைபனி கொட்டுது. சாக்குப் போத்தறதுக்கு வேற யாரு இருக்கா? கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமுன்னு நாயகிகிட்டச் சொல்லிப் பாத்தேன், வாணி கேக்கலை. நாயகிதான் போன்ல சொன்னா, ‘நீங்க செடியைப் பாத்துக்கோங்க, எனக்கு வாணி இருக்குது’ன்னு. அவளே சொன்னதுக்கப்புறம் எனக்கென்ன.

பேரு மாறிச்சா? இல்லை. எனக்கு மாறின மாதிரி தெரிஞ்சுது.

இன்னிக்கு இடது கண்ணுக்கு. காலையிலதான் வந்தேன். செடி எப்படியோ போகட்டும்னு விட்டுட்டு வந்துட்டேன். தை போயி, மாசி போயி, பங்குனியும் ஆச்சுங்க. வீட்டுல சத்தமே இல்லை. விடியக்காலம் பஸ்ஸைப் புடிச்சேன், மேட்டுப்பாளையம் வர்ற வரைக்கும் நின்னுட்டேதான் வந்தேன், சீட்டு இருந்தும். கீழ வராந்தாவுல சக்கர நாற்காலியில உக்கார வச்சிருந்தாங்க. எதுக்க போய் நின்னேன். என்னையே பாத்தா. அவ கண்ணு அப்படி எம் மேல நின்னு ரொம்ப நாளாச்சுங்க. திட்டப்போறாள்னு நெனச்சேன்.

‘ஏனுங்க, எப்பங்க உங்களுக்கு இப்படி நரைச்சுது?’ன்னா.

‘ரிட்டயர் ஆனதும் டை அடிக்கறதை விட்டேனே. நாலு வருஷமாச்சு’ன்னேன்.

‘புருவங்கூட வெளுத்திருச்சுங்களே’ன்னு கையை நீட்டித் தொட்டுப் பாத்தா. ‘மெலிஞ்சுட்டீங்க’ன்னா.

தெனமும் எதுக்க நிக்கறவன் நான். அவ போட்ட காப்பியை வாங்கிக் குடிச்சவன். நாலு வருஷமா அவ எந்த மூஞ்சியைப் பாத்துட்டு இருந்தா? அப்பத்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்துது. கேக்காம இருந்திருக்கலாம். கேட்டுட்டேன்.

‘அப்ப, அன்னிக்குப் பழத்தைப் பாத்தேன்னு சொன்னியே நாயகி. தெளிஞ்சுட்டு வருதுன்னு சொன்னியே.’

சிரிச்சா. ‘நீங்க அவ்வளவு சந்தோசமாக் கேட்டீங்க’ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. அதுக்குள்ள நர்ஸ் வந்து வண்டியைத் தள்ளிட்டுப் போயிருச்சு. ‘சாப்பிட்டுட்டு வந்தீங்களா?’ன்னு தலையைத் திருப்பிக் கேட்டுட்டே போனா. நான் சாப்பிட்டேன்னு சொன்னேன். சாப்பிடலை.

அதுல இருந்துதான் உக்கார முடியலீங்க. கதவுகிட்டப் போறேன், வர்றேன். வாணி எதுக்க ரெண்டு தடவை போய் நின்னேன். போனை விட்டுத் தலையைத் தூக்கலை. நியாயம் சொல்லுங்கன்னு உங்ககிட்டக் கேட்டேனில்ல, வேண்டாம், சொல்லாதீங்க. நீங்க என்ன சொன்னாலும் எனக்கு இப்பக் காதுல ஏறாது.

என்ன? மாறிருச்சா? எங்க? ஆமாங்க, பச்சை. ரங்கநாயகி, பச்சை.

கதவு தொறக்கப் போகுது. இப்ப இடது கண்ணுல கட்டு இருக்குமில்லீங்க? அப்ப வலது கண்ணால மட்டுந்தான் பாப்பா. நான் எங்க நிக்கறது? நேரா நிக்கறதா? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? வாணிக்குத் தெரியும். எல்லாத்தையும் டாக்டர்கிட்ட அதுதான் கேட்டு வச்சிருக்குது. நான் கேக்கறேன். பேசலைன்னாப் பரவாயில்லை, கேட்டுர்றேன்.

வாணி. அம்மா வெளிய வர்றப்ப நான் எந்தப் பக்கம் நின்னா அவளுக்குத் தெரியும், சொல்லு சாமி.

கையைக் காட்டிருச்சுங்க. சுவத்தோரமா, அந்தச் செவப்பு வாளிக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுது. நான் போறேன். உங்கம்மாவை நல்லாப் பாத்துக்கோங்க.

இல்லீங்க செக்யூரிட்டி, இந்தத் தடவை நகர மாட்டேன். இந்தப் பக்கம் நின்னாத்தான் அவளுக்கு என்னைத் தெரியும்.